ஆறரை மணி வேன்

பட்டாசு ஆலை வேன் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குள் காலை ஆறரை வாக்கில் நுழையும். வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, மாரனேரி என்று எந்த ஊரை எடுத்தாலும் ஏறக்குறைய இதுதான் நேரம். வெயில் ஏறிய பிறகு மருந்துக் கலவையில் கை வைப்பது ஆபத்து என்பதால் வேலையைச் சீக்கிரம் தொடங்கியாக வேண்டும். வேனில் ஏறும் பெண் அதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, பிள்ளைகளுக்கும் தனக்குமாகத் தூக்குச்சட்டியில் அடைத்து, வெறும் வயிற்றில் ஒரு டீயை ஊற்றிக்கொண்டு ஓடி வந்திருப்பாள். இத்தனைக்கும் நடுவில் விட்டுப்போவது காலைக்கடன் ஒன்றுதான்.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவள். சிவகாசியில் சிறிய மருத்துவமனை வைத்திருக்கிறேன். வயிற்றுத் தொந்தரவு என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் மஞ்சள் பை நிறையக் காகிதங்களோடு வருவார்கள். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்திருப்பார்கள், எல்லாம் நார்மலாக இருக்கும். "ஒண்ணுமில்லேன்னு சொல்றாக டாக்டரம்மா. ஒண்ணுமில்லேன்னா பெறகு ஏன் இப்படி முறுக்குது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமாக ஐபிஎஸ், என்கிற இந்தக் கோளாறில் குடலில் புண் இருக்காது, கட்டி இருக்காது. குடல் நகரும் விதத்திலும், குடலிலிருந்து மூளைக்குப் போகும் உணர்விலும்தான் கோளாறு. மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத ஒரு வாயு நகர்வு இவர்களுக்கு வலியாகத் தெரியும். உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் 2016-இல் வந்த ரோம் 4 வரையறை: கடந்த மூன்று மாதங்களாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி, அந்த வலி மலம் கழிப்பதோடு கூடியோ குறைந்தோ போக வேண்டும், அல்லது மலம் போகும் தடவையோ அதன் பதமோ மாறியிருக்க வேண்டும். வலி, தடவை, பதம் என்ற இந்த மூன்று மாற்றங்களில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்குக் கழிச்சல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும்.

இந்திய இரைப்பை குடலியல் கழகம் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு நாலு பேருக்கு இது இருப்பதாகக் கண்டார்கள். மேற்கு நாடுகளில் பெண்களுக்கு அதிகம் என்கிறார்கள். இந்திய மருத்துவமனைக் கணக்குகளிலோ ஆண்கள்தான் அதிகம். நம் பெண்களின் குடல் உறுதியானது என்று இதற்குப் பொருள் சொல்ல நான் தயாராக இல்லை. ஆண் வந்து உட்கார்ந்ததும் தன் வயிற்றைப் பற்றித்தான் பேசுவார். பெண், பிள்ளைக்குச் சளி என்று வருவாள். மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கதவருகே நின்று, "எனக்குந்தான் ஒரு வருசமா வயிறு சரியில்லம்மா" என்பாள். நான் மறுபடி உட்காரச் சொல்வேன்.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தானாக எழுப்பும் உந்துதல்கள் அவை: மலம், சிறுநீர், அபானவாயு, பசி, தாகம், தூக்கம், தும்மல், இருமல், கொட்டாவி, கண்ணீர் என்று போகும் பட்டியல். அடக்கினால் என்ன நோய் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருப்பார்கள். கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த பகுதி அது. சிவகாசிக்கு வந்த பிறகுதான், ஓர் ஊரே சேர்ந்து பிழைப்புக்காக இதில் பாதியை அடக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

பட்டாசுச் சரம் பின்னுகிற ஒரு அக்கா என்னிடம் வந்தார். நாற்பதைத் தொடும் வயது. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகும், அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி. வயிறு மாலையானால் பொருமிப் பானையாகிவிடும். பின்னுகிற கணக்குக்குக் கூலி என்பதால் எழுந்து போனால் காசு போகும். போனாலும் அங்கே கழிப்பறையில் தண்ணீர் இருக்காது. சீமைக்கருவேலப் புதருக்குள் போகக் கூச்சம். ஆகவே தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் வரும் உந்துதலை வேனுக்காக அடக்குவார், பகலில் வருவதைக் கூலிக்காக அடக்குவார், இரவில் உந்துதலே வராது. திரும்பத் திரும்ப அடக்கினால் பெருங்குடலின் நகர்வே மந்தப்பட்டுவிடும். தேங்கிய மலத்திலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு இறுகிவிடும்.

அவருக்கு முதல் நாள் நான் மருந்து கொடுக்கவில்லை. எழுந்ததும் வெந்நீர், டீக்கு முன்னால் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கேப்பைக் கூழோ, பிறகு பத்து நிமிடம் கழிப்பறையில் குந்தி உட்கார வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும் சரி என்று சொன்னேன். வெறும் வயிற்றில் ஏதாவது விழுந்தால் பெருங்குடல் தானாக ஒருமுறை சுருங்கும். இது எல்லா உடம்பிலும் உள்ள அனிச்சைச் செயல், காலையில் மிக வலுவாக இருப்பது. அந்த அலையை வேனில் வைத்து வீணாக்காமல் வீட்டிலேயே பிடிக்க வேண்டும். கேட்டுவிட்டு அந்த அக்கா சிரித்தார். "பத்து நிமிசமா? அப்பத் தண்ணிய யாரு பிடிக்கிறது?"

இதற்குச் சூரணத்தில் பதில் கிடையாது. அடுத்த முறை கணவரையும் கூட்டி வரச் சொன்னேன். தண்ணீர் பிடிக்கும் வேலை அவருக்குப் போனது. முணுமுணுத்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார். மனைவியின் வயிறு படிப்படியாகத்தான் தேறியது. அதில் என் பங்கு எவ்வளவு, அந்த மனிதர் தூக்கிய குடங்களின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் குடங்களுக்குத்தான் அதிகம் கொடுப்பேன்.

இதற்கு நேர்மாறான ஆட்களும் உண்டு. வேன் ஹாரன் கேட்டதும் வயிற்றைக் கலக்கி, போய்விட்டு வந்து செருப்பை மாட்டினால் மறுபடி கலக்கும். பேருந்துப் பயணம் என்றாலே முந்தின நாளிலிருந்து சாப்பிட மாட்டார்கள். வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று மனத்தில் வரைபடமே வைத்திருப்பார்கள். குடலிலும் மூளையிலும் ஓடுவது ஒரே நரம்புப் பேச்சுதான். செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. பயத்துக்கு வயிறு பதில் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் பகுதியில் பயத்துக்குக் காரணம் தேட வேண்டியதும் இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். இன்றும் எங்காவது ஒரு ஷெட் வெடித்த செய்தி வந்தால், அடுத்து வரும் நாட்களில் என்னிடம் வயிற்றால் போகிறது என்று வருவோர் கூடுவார்கள். அவர்களிடம் மிளகாயைக் குறைக்கச் சொல்வதற்கு முன், அந்த விபத்தில் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்பேன்.

இங்கே என்னிடம் வருவதற்கு முன்பே பலர் தொக்கம் எடுத்துவிட்டு வருவார்கள். சாப்பிட்டது குடலில் ஒட்டிக்கொண்டதாக நம்பிப் போகிறவர்களின் வயிற்றில், தொக்கம் எடுப்பவர் வாயையோ குழலையோ வைத்து உறிஞ்சி, ஒரு துண்டு இறைச்சியையோ சோற்றுப் பருக்கையையோ துப்பிக் காட்டுவார். இன்னொரு கூட்டம் குடல் தட்டப் போகும். மூன்றாவது கூட்டம், சாப்பாட்டில் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று மாமியாரையோ ஓரகத்தியையோ சந்தேகப்பட்டுக்கொண்டு இடுமருந்து எடுக்கப் போகும். இதில் குடும்பம் உடைந்த வீடுகளை எனக்குத் தெரியும். வயிற்றிலிருந்து தோலைத் தாண்டி எதுவும் வெளியே வராது, அது கைவித்தை. ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நன்றாக இருந்தது என்று அவர்கள் சொல்வது பொய்யும் அல்ல.

ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கப்ட்சக் 2010-இல் ஐபிஎஸ் நோயாளிகள் 80 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு பகுதியினருக்கு, இதில் மருந்தே இல்லை, வெறும் மாத்திரை என்று சொல்லியே மாத்திரை கொடுத்தார். மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவீதம் பேருக்குப் போதுமான நிவாரணம் கிடைத்தது. மாத்திரை பெறாதவர்களில் 35 சதவீதம் பேருக்குத்தான். இந்த ஆய்வைப் படித்த பிறகு தொக்கம் எடுப்பவர்களை ஏளனமாகப் பேசுவதை விட்டேன். என் சூரணத்துக்குக் கிடைக்கும் புகழிலும் ஒரு பங்கு, நான் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டதற்குச் சேர வேண்டியது என்பதையும் ஏற்றுக்கொண்டேன். தொக்கத்தால் வரும் கேடு வேறு: அது நாளைக் கடத்தும். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக மலப் பழக்கம் மாறுவது, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல், குடும்பத்தில் குடல் புற்றுநோய் என்று இவற்றில் எது இருந்தாலும் அது ஐபிஎஸ் என்று நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். போகாமல் திரும்பி வந்தால் மருந்து தர மறுத்ததும் உண்டு.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு கேள்வியையும் கேட்பேன். எந்தப் பிரிவில் வேலை, கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட்டீர்களா? பட்டாசில் பச்சை நிறம் தருவதற்குப் பயன்பட்ட பேரியம் நைட்ரேட்டை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்தது. அதற்குப் பிறகும் இந்தக் கேள்வியை நான் விடவில்லை. நீரில் கரையும் பேரியம் உப்பு வயிற்றுக்குள் போனால் வாந்தி, கழிச்சல், பிறகு தசைத் தளர்ச்சி வரை கொண்டுபோகும். திடீரென்று வாந்தியும் பேதியும் கைகால் சோர்வும் சேர்ந்து ஒருவர் வந்தால் அங்கே ஓமத்துக்கும் சீரகத்துக்கும் வேலை இல்லை, ஆம்புலன்ஸ்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் மாவட்டத்தின் பெருமைகளே எனக்கு எதிரிகள். சாத்தூர் காராச்சேவில் கடலை மாவு, பூண்டு, மிளகாய். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவில் மைதா, எண்ணெய், கூடவே வெங்காயம் கொதிக்கும் சால்னா. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோ பாலைச் சுண்டக் காய்ச்சியது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் இருவரும் 2005-இல் ஃபாட்மேப் என்று ஒரு பெயர் வைத்தார்கள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகும் மாவுச்சத்து வகைகள் அவை. கோதுமை, வெங்காயம், பூண்டு, பருப்பு, பால் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அவர்கள் எங்கள் ஊர்ப் பலகாரக் கடையைப் பார்த்தே பட்டியல் போட்டது போலிருக்கும்.

ஆனால் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புவது மோசமான வைத்தியம். பருப்பும் வெங்காயமும் இல்லாமல் வாழச் சொன்னால் தினக்கூலிக் குடும்பத்துக்குப் புரதம் எங்கிருந்து வரும்? அந்தத் திட்டத்தைக் கண்டவர்களே, சில வாரம் மட்டும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடி என்றுதான் சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வதில்லை. முதலில் பால் டீ. ஷிஃப்ட் வேலையில் இருக்கும் ஆண்கள் நாளுக்கு ஆறேழு கிளாஸ் குடிப்பார்கள். தென்னிந்தியர்களில் பெரும்பாலோருக்கு வளர்ந்த பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு. கட்டஞ்சாயாவுக்கு மாறி இரண்டு வாரம் பார்த்தாலே சிலருக்கு வயிறு பாதி அடங்கிவிடும். தயிரும் நீர்மோரும் பெரும்பாலோருக்குப் பாலைவிட ஒத்துக்கொள்ளும். அடுத்தது ராத்திரி பரோட்டா. நேரம் கெட்ட நேரத்தில் எண்ணெயும் மைதாவும் சேர்ந்து இறங்குவதை நிறுத்தச் சொல்வேன். அதற்கடுத்துதான் பூண்டு, வெங்காயம்.

சமையற்கட்டுக்குள்ளேயே வழி இருக்கிறது. பூண்டிலுள்ள அந்த மாவுச்சத்து எண்ணெயில் கரையாது. பூண்டை நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை இருக்கும், வாயு இருக்காது. சின்ன வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. பருப்பையும் கடலையையும் இரவே ஊற வைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேக வைத்தால் வாயு தரும் சர்க்கரையில் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும். ரசத்தில் பெருங்காயம். சோறு பெரும்பாலும் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. பழைய சோறு சிலருக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது, சிலருக்குப் பொருமுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சி நடந்தது குடல் அழற்சி நோய்க்கு; அது வேறு நோய். செய்தித்தாளை வெட்டிக்கொண்டு வந்து காட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது.

மிளகாயைப் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும். மிளகாயின் காரம் குடலில் வலியுணர்வு நரம்பைத் தொடும். ஐபிஎஸ் உள்ளவர்களின் குடலில் அந்த வகை நரம்பிழைகள் கூடுதலாக இருப்பதை லண்டன் ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். வத்தல் மண்டி வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "அப்ப எங்க கடைய மூடச் சொல்றீகளா?" என்றார். பாதி மிளகாய், பாதி மிளகு என்று உடன்படிக்கை செய்துகொண்டோம்.

மருந்து என்று நான் அதிகம் கொடுப்பது சுண்டைவற்றல் சூரணம், கழிச்சல் வகையினருக்கு. சுண்டைவற்றல், கறிவேப்பிலை, மாங்கொட்டைப் பருப்பு, ஓமம், நெல்லி வற்றல், மாதுளை ஓடு, வெந்தயம் சேர்ந்தது. துவர்ப்பே மருந்து. மோரில் குழைத்துச் சாப்பிடச் சொல்வேன். பல வருடப் பழக்கத்தில் எனக்கு இதன்மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட மருந்து என்று சொல்ல மாட்டேன். அந்த வகையில் வலுவான சான்று உள்ளது இசப்கோல் உமிக்கு. நீரில் கரையும் நார்ச்சத்து. மலம் இறுகியவர்களுக்கு முதலில் உதவும், தளர்ந்தவர்களில் சிலருக்கும் பதப்படுத்தும். அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு, வாரக் கணக்கில் மெல்லக் கூட்ட வேண்டும். நார்ச்சத்து நல்லதாம் என்று கோதுமைத் தவிட்டை அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வயிறு ஊதி வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கரையாத நார் ஐபிஎஸ் வயிற்றைக் கெடுப்பதே அதிகம். புதினா எண்ணெய் அடைத்த மாத்திரைகளுக்கும் ஆய்வு ஆதரவு இருக்கிறது. நம் வீட்டுப் புதினாத் துவையலை அதற்கு ஈடாக எண்ண வேண்டாம். அந்த எண்ணெய் எடுப்பது மென்தால் நிறைந்த வேறு செடியிலிருந்து.

இயற்கை என்பதற்காக எல்லோரும் நம்புகிறவற்றில் நான் மிகவும் அஞ்சுவது நிலாவாரையை. தென் மாவட்டத்துக் கரிசலில் விளைந்து தூத்துக்குடி துறைமுகம் வழியாக உலகம் முழுக்கப் போகும் இலை இது. மருந்து நூல்களில் திருநெல்வேலியின் பெயரோடே வழங்குகிறது. அப்போதைக்கு வயிற்றைக் கழுவ நல்லது. தினமும் ராத்திரி ஒரு கரண்டி என்று வருடக்கணக்கில் சாப்பிட்டால் முறுக்கு வலி கூடும், பொட்டாசியம் குறையும். வழவழப்பான டப்பாவில் மூலிகைப் பொடி என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மறு பேச்சு.

தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும் காலம் எனக்குப் பாடம் நடத்தும் காலம். அப்போது மருந்தை விட்டவர்களுக்கும் வயிறு நன்றாக இருக்கும். சீசன் உச்சத்தில், ஆவணி புரட்டாசியில், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் கெட்டுப்போகும். மருந்துச் சீட்டின் பின்பக்கம் அவர்கள் எழும் நேரத்தையும், வேன் வரும் நேரத்தையும், முதல் வாய் சாப்பிடும் நேரத்தையும் எழுதிக்கொள்ளும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

அச்சகத்தில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் இரண்டு வருடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சோறும் ரசமும் மட்டுமே சாப்பிட்டுக் கன்னம் ஒட்டிப்போய் வந்தார். காலண்டர் சீசனில் இரவெல்லாம் வேலை, பகலில் தூக்கம். அவருக்குச் சேர்த்துச் சாப்பிடுவதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒரு பொருளாக, சிறிய அளவில், ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே சேர்த்தோம். பாசிப்பருப்பு ஒத்துக்கொண்டது. துவரம்பருப்பு அரைக் கரண்டி வரை சரி. பால் டீ ஒத்துக்கொள்ளவில்லை. காராச்சேவை அவர் எனக்குத் தெரியாமல் முதலிலேயே முயன்றிருக்கிறார், நோட்டில் அதையும் நேர்மையாக எழுதி வைத்திருந்தார்: ஒரு கைப்பிடி, ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் ஒரு பொட்டலம், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கைப்பிடி என்றால் யார் கைப்பிடி என்று கேட்டேன். தன் மகளின் கை என்றார். அவளுக்கு ஐந்து வயது.